கீட்டோ பவுடர், தராசு, ஸ்ட்ரிப்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

உடம்பு இளைக்கக் கீட்டோ தேடி வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், இது உங்களுக்கில்லை. வலிப்பு நிற்காத பிள்ளைக்கு டாக்டர் "கீட்டோஜெனிக் டயட் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லி, கையில் ஒரு சாமான் லிஸ்டைக் கொடுத்து அனுப்பியிருப்பார்களே, அந்த வீட்டுக்காரர்களுக்கு எழுதுகிறேன். சோறு மாதிரி மாவுச்சத்தைப் பெரும்பாலும் நிறுத்தி, கொழுப்பையே முக்கியச் சாப்பாடாகக் கொடுப்பதுதான் இந்த டயட். மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். 4:1 கீட்டோ பவுடர் டின் (4:1 என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்): ஐசியூவில் மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு போகிற பிள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து, வீட்டுக்கு வந்து வாயால் சாப்பிடத் தொடங்கிய பிள்ளைக்கு ஐந்துக்கு இரண்டு. டிஜிட்டல் தராசு: ஐந்துக்கு ஐந்து, நல்லதாக வாங்கினால். யூரின் கீட்டோன் ஸ்ட்ரிப், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற கீட்டோனைச் சிறுநீரில் பார்க்கிற பட்டை: மூன்றரை. பிராண்டு பெயர்கள் சொல்லப் போவதில்லை, பவுடரில் சந்தையில் கிடைப்பதே ஒன்றிரண்டுதான், தராசு எல்லாம் ஒரே தொழிற்சாலையில் செய்து பல பெயரில் விற்பது மாதிரிதான் தெரிகிறது.

என் மகளுக்கு வந்தது ஃபயர்ஸ் (FIRES). காய்ச்சலைத் தொடர்ந்து வருகிற ஒரு வலிப்பு நோய், ரொம்ப அபூர்வம், ஜெர்மனியில் கணக்கெடுத்தபோது ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவர் என்றுதான் வந்திருக்கிறது. அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும், பல சமயம் விட்டும் போயிருக்கும், அப்புறம் ஒரு நாள் வலிப்பு தொடங்கினால் நிற்காது. வலிப்பு தொடங்குவதற்கு 24 மணி நேரம் முதல் 2 வாரம் முன்புவரை காய்ச்சல் வந்திருக்க வேண்டும், எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத வலிப்பாக இருக்க வேண்டும், வெளிப்படையாக ஒரு காரணமும் தெரியக்கூடாது: 2018-இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த வரையறை ஏறக்குறைய இதுதான். எங்கள் ஊரில் "காய்ச்சல்ல ஜன்னி கண்டிருக்கு, சரியாப் போயிரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் அந்த ஜன்னி வேறு, பெரும்பாலும் சில நிமிஷத்தில் நின்றுவிடும், பெரிதாகப் பயப்பட வேண்டாம். இது அதுவல்ல.

முதுகுத்தண்டு நீர், எம்ஆர்ஐ, வைரஸ் டெஸ்ட், ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாம் எடுப்பார்கள், ஒன்றிலும் பிடிகிடைக்காது. மூளையில் கிருமி உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளப்பிவிட்ட அழற்சி அடங்காமல் போவதுதான் என்று இப்போது நிறைய ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். அதனால்தான் மூட்டுவாதத்துக்கு வந்த அனாகின்ரா மாதிரி ஊசிகளை இந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். 77 பிள்ளைகளின் விவரத்தைப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து திரட்டி 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. 9 பேர் இறந்துவிட்டார்கள், பிழைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் புத்தித் திறன் பழையபடி இருந்தது. இதை ஏன் ஒரு பவுடர் ரிவ்யூவில் எழுதுகிறேன் என்றால், இந்த அளவு மோசமான நோய்க்குச் சாப்பாட்டை ஒரு மருந்தாகச் சொல்லும்போது யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. அவ்வளவு மருந்தும் கேட்காததற்கு எண்ணெயும் வெண்ணெயும் என்ன செய்துவிடும்?

ஆதாரம் இருக்கிறது, ஆனால் சின்னது. பாரிஸில் நெக்கர் என்றொரு குழந்தைகள் ஆஸ்பத்திரி, அங்கே ரீமா நபூ என்ற டாக்டரும் அவர் குழுவும் 2010-இல் எழுதியது. எந்த மருந்துக்கும் மசியாத 9 ஃபயர்ஸ் பிள்ளைகளுக்கு 4:1 டயட் கொடுத்தார்கள், 7 பேருக்கு வலிப்பு அடங்கியது. டயட் தொடங்கி 4 முதல் 6 நாளில், அதாவது சிறுநீரில் கீட்டோன் தெரிய ஆரம்பித்து 2 முதல் 4 நாளில். அந்த ஏழு பேரில் ஒரு பிள்ளைக்கு டயட்டைச் சீக்கிரமே நிறுத்த வேண்டி வந்தது, வலிப்பு மறுபடி பிடித்துக்கொண்டது, அந்தப் பிள்ளை இறந்துபோனது. ஒன்பதே பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது, ஆக "நிரூபணம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் இப்படிப்பட்ட நோயில் வேறு என்ன கிடைக்கும்? 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதைப் பிடித்துக்கொண்டது: முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிகிச்சை, கேட்கவில்லையென்றால் முதல் வாரத்துக்குள் கீட்டோ டயட். கடைசியில் போட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருந்ததை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

சரி, பவுடருக்கு வருவோம்.

4:1 என்றால் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் இருந்தால் கொழுப்பு 4 கிராம். கலோரியில் பார்த்தால் 90 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது. 100 கிராம் பவுடரில் ஏறக்குறைய 73 கிராம் கொழுப்பு, 15 கிராம் புரதம், 3 கிராம் மாவுச்சத்து, டின்னிலேயே போட்டிருக்கும், வகுத்துப் பாருங்கள், நாலுக்கு ஒன்று சரியாக வரும். ஐசியூவில் இதற்கு மாற்றே இல்லை. பிள்ளை மயக்க மருந்தில் கிடக்கிறது, வென்டிலேட்டர் ஓடுகிறது, குழாயில் போகிற சாப்பாடு ஒரே சீராக, கட்டி இல்லாமல், கணக்கு பிசகாமல் போக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி ஆகிவிடும், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் திரிதிரியாகிக் குழாயை அடைக்கும். விலை ஆயிரக்கணக்கில்தான், ஆனால் ஐசியூ பில்லோடு வைத்துப் பார்த்தால் அது கண்ணிலேயே படாது.

பவுடரை மட்டும் வாங்கிக் கொடுத்தால் டயட் ஆகிவிடாது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். டயட்டீஷியன் பெண் சின்ன வயசுதான், கட்டில் தலைமாட்டில் "குளுக்கோஸ் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். டிரிப்பில் வருகிற டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையை நிறுத்த வேண்டும். சிரப் மருந்து பெரும்பாலானவற்றில் சர்க்கரை, அதனால் மாத்திரையாக மாற்றிப் பொடித்துக் குழாயில் விட வேண்டும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தும் இந்த டயட்டும் சேர்ந்தால் ஆபத்து என்று டியூட்டி டாக்டரிடம் அவர் வாதாடியதை வெளியே நின்று கேட்டேன். கொழுப்பை உடைத்துச் சக்தியாக்க முடியாத சில பிறவிக் குறைபாடுகள் உண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு இந்த டயட் விஷம், அதற்கு முதலில் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். ஆகவே யாராவது ஆன்லைனில் டின் வாங்கி வீட்டிலேயே தொடங்கலாமா என்று யோசித்தால் தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அதே பவுடருக்கு என் மார்க் ஏன் இரண்டாக இறங்கியது? வாய். குழாயில் போனபோது ருசி தெரியவில்லை. வாயால் குடிக்க ஆரம்பித்ததும் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்தாள். வெனிலா வாசனை, சர்க்கரை இல்லாத ஒரு செயற்கை இனிப்பு, பின்னாடியே நாக்கில் எண்ணெய்ப் படலம். ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் கொஞ்சம் தேவலை, முட்டையோடு அடித்து நெய்யில் தோசை மாதிரி வார்த்தால் இன்னும் தேவலை, அவ்வளவுதான். மூடி திறந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வீட்டுப் பிள்ளை தினமும் ஒரு வேளை மட்டும் குடித்தால் டின் அடியில் மிஞ்சுவதைக் கொட்டத்தான் வேண்டும். ஸ்டாக் வந்ததா வரவில்லையா என்று மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டே அலுத்துவிட்டது, ஒரு தடவை காலாவதிக்குக் கிட்டத்தில் இருந்த டின்னைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். தேதி பார்த்து வாங்குங்கள்.

எங்கள் ஊர் நாகர்கோவில். இதில் அது ஒரு அதிர்ஷ்டம், இங்கே தேங்காய் எண்ணெயில் சமைப்பதற்கு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். சாளை மீன், முட்டை, தேங்காய்ப் பால், வெண்ணெய், நெய், ஃப்ரெஷ் கிரீம், கொஞ்சம் பன்னீர், கீரை, வெள்ளரிக்காய். இதை வைத்து ஓட்டிவிடலாம். போனது என்ன என்று கேட்டால் சோறு, இட்லி, புட்டு, மரச்சீனி, ஏத்தன்பழம், அதாவது எல்லாமே. கணக்கைப் பாருங்கள். 4:1-இல் 4 கிராம் கொழுப்பும் 1 கிராம் மற்றதும் சேர்ந்தால் 40 கலோரி. பிள்ளைக்கு நாளைக்கு 1200 கலோரி என்று டயட்டீஷியன் வைத்தால் அது 30 பங்கு, அதாவது 120 கிராம் கொழுப்பு, புரதமும் மாவும் சேர்த்து 30 கிராம். 20 கிலோ பிள்ளைக்குப் புரதம் 20 கிராமாவது வேண்டும். மிச்சம் 10 கிராம்தான் மாவுச்சத்து, மூன்று வேளைக்கும் சேர்த்து. ஒரு இட்லியிலேயே அது தீர்ந்துவிடும். முட்டையை எடுத்துக்கொண்டால் ஒரு முட்டையில் புரதம் 6 கிராம், கொழுப்பு 5 கிராம், ஆக அந்த ஒரு முட்டைக்கு இன்னும் 20 கிராம் எண்ணெய் சேர வேண்டும். முட்டை எண்ணெயில் மிதக்கும். தட்டில் ஒட்டியிருக்கிற எண்ணெயையும் ரப்பர் கரண்டியால் வழித்து ஊட்ட வேண்டும், தட்டில் விட்டால் விகிதம் போச்சு.

தராசுக்கு நான் ஐந்து மார்க் போடுவது இதனால்தான். கிச்சன் தராசு என்று விற்பதில் பாதி 1 கிராம் துல்லியம், அது கேக் செய்பவர்களுக்குப் போதும், நமக்குப் போதாது. 10 கிராம் மாவுச்சத்தில் 1 கிராம் என்பது பத்தில் ஒரு பங்கு. 0.1 கிராம் காட்டுவதாக வாங்குங்கள். ஆனால் 0.1 காட்டுகிறவை சில நகை நிறுக்கிற அளவுக்குச் சின்னத் தட்டோடு வருகின்றன, கிண்ணம் வைத்தால் எண் மறைந்துவிடும். தட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குகிற பட்டன் எல்லாவற்றிலும் உண்டு. எல்லாவற்றிலும் இல்லாதது பொறுமை. நாங்கள் முதலில் வாங்கியது ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் அணைந்துவிடும், வெண்ணெய் எடுக்க ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திரும்பினால் கிண்ணத்தில் இருக்கிற எண்ணெய்க் கணக்கு காணாமல் போயிருக்கும், பாதி நிறுத்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும், முதலிலிருந்து எல்லாம். அடுப்புப் பக்கம் ஆவி பட்டால் எண் தானாக ஏறி இறங்கும். பேட்டரி குறையும்போது சொல்லாமல் கொள்ளாமல் தப்புக் காட்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: பத்து ரூபாய் நாணயம். ஏறக்குறைய 7.7 கிராம் இருக்கும். காலையில் முதல் வேலையாக அதைத் தட்டில் போட்டுப் பார்ப்பேன், 7.7 வந்தால் சமையல், வராவிட்டால் பேட்டரி. இப்போது இருப்பது இரண்டாவது தராசு, பிளக்கில் செருகி ஓடுவது, அணையாது, கொஞ்சம் விலை கூட. பவுடரில் மிச்சம் பிடிக்கிற காசை இதில் போடுங்கள்.

வீட்டில் இருக்கிற பெரியவர்களைப் பற்றி யாரும் ரிவ்யூவில் எழுத மாட்டார்கள், ஆனால் டயட் உடைவது அங்கேதான். என் மாமியார் நல்லவர், பிள்ளையென்றால் உயிர். "மக்ளே, ஒரு உருண்ட சோறு குடுத்தா பிள்ளைக்கு என்ன ஆயிரப் போவுது?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பார். டாக்டர் சொன்னார், டயட்டீஷியன் சொன்னார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. கடைசியில் அந்தப் பாரிஸ் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். "டயட்ட இடையில நிப்பாட்டி அப்பிடி ஒரு பிள்ள போயிருக்கு மாமி" என்றேன். அது ஐசியூவில் நோய் உச்சத்தில் இருந்தபோது நடந்தது, வீட்டில் ஒரு உருண்டை சோற்றுக்கு அப்படியே பொருந்தாது என்று எனக்குத் தெரியும், அவருக்கு அதை விளக்கப் போகவில்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசு முன்னால் நிற்பவர் அவர்தான், என்னைவிடக் கறாராக.

ஸ்ட்ரிப். சிறுநீரில் முக்கி எடுத்து 15 விநாடியில் நிறத்தை டப்பாவில் உள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர்ந்த ஊதா வரை போகும், டயட்டீஷியன்கள் விரும்புவது கடைசிக் கட்டங்கள், 80-லிருந்து 160. எளிது, வலியில்லை, ரத்தத்தில் பார்க்கிற மீட்டர் ஸ்ட்ரிப்போடு ஒப்பிட்டால் மலிவு. மூன்றரை மார்க் எதற்கென்றால், பிள்ளை தண்ணீர் குறைவாகக் குடித்தால் நிறம் அடர்த்தியாகக் காட்டும், நிறையக் குடித்தால் வெளிறும், ரத்தத்தில் உண்மையில் எவ்வளவு என்பது வேறு கதை. காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருப்பது சகஜம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவைத்தால் போதும். 15 விநாடி என்றால் 15 விநாடிதான், அரை நிமிஷம் கழித்துப் பார்த்துச் சந்தோஷப்படக்கூடாது. எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு டப்பாவை மூடாமல் வைத்தால் ஸ்ட்ரிப்பே நிறம் மாறிவிடும். குளியலறையில் வைக்கவே கூடாது, ஆனால் எல்லோரும் வைப்பது அங்கேதான். திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

டயட்டுக்குப் பக்கவிளைவு இல்லை, இயற்கையானது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். மலச்சிக்கல் பல பிள்ளைகளுக்கு வரும். சிறுநீரகக் கல் வரலாம், அதைத் தடுக்கத்தான் சிட்ரேட் மருந்து கொடுக்கிறார்கள். கொலஸ்ட்ரால் ஏறலாம், வளர்த்தி குறையலாம், கால்சியமும் வைட்டமினும் சர்க்கரை இல்லாததாகத் தேடிப் பிடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கும்போது அவள் போடுகிற சத்தம் ஆஸ்பத்திரி மாடி வரை கேட்கும்.

4:1 தாங்கவே முடியாத வீடுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதில் நம் நாட்டு ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு. மாற்றியமைத்த அட்கின்ஸ் டயட் என்பார்கள், மாவுச்சத்தை மட்டும் இறுக்கிப் பிடித்து மற்றதில் தராசைக் கொஞ்சம் தளர்த்துவது. டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 102 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2013-இல் எழுதினார்கள்: டயட்டில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 11.5 சதவீதம். 2020-இல் அதே எய்ம்ஸில் 170 குழந்தைகளை வைத்து, அசல் கீட்டோ, அட்கின்ஸ், கிளைசீமிக் குறியீடு குறைந்த (அதாவது ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிற) உணவு மூன்றையும் மோதவிட்டார்கள். வலிப்பு குறைந்த அளவு முறையே 66, 45, 54 சதவீதம். மற்ற இரண்டும் அசலுக்குச் சளைத்தவையல்ல என்று அவர்களால் நிறுவ முடியவில்லை, ஆனால் மூன்றாவதில் பக்கவிளைவு குறைவு. இந்தப் பிள்ளைகள் ஃபயர்ஸ் பிள்ளைகள் இல்லை, பொதுவாக மருந்து கேட்காதவர்கள். இருந்தாலும் கொழுப்புத் தட்டைப் பார்த்தாலே அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் அடுத்த முறை போகும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம், "இன்னும் கொஞ்ச நாள் 4:1 போகட்டும்மா, அப்புறம் 3:1-க்கு இறக்குவோம்" என்றார்கள்.

என் மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். வலிப்பு முழுதாக நிற்கவில்லை, எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறது. மருந்தும் ஊசியும் டயட்டும் ஒன்றின் பின் ஒன்றாகப் போனதில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல டாக்டர்களாலேயே முடியவில்லை, நான் எப்படிச் சொல்ல? பள்ளிக்குப் பாதி நாள் போகிறாள், பெருக்கல் வாய்ப்பாடு மறுபடி முதலிலிருந்து.

பவுடர் வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு டின்னுக்கு மேல் சேர்க்காதீர்கள். தள்ளுபடி என்று மொத்தமாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், பிள்ளை குடிக்காவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். எங்களிடம் உடைக்காமல் மிஞ்சியதை டயட்டீஷியனிடமே கொடுத்துவிட்டோம், வார்டில் குழாயில் சாப்பிடுகிற பிள்ளை ஒன்று இருந்தது.